ரூபேயிலிருந்து அப்பாவுக்கு

ரூபே, பிரான்ஸ்
15.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் 'சாப்பிட்டியா, குளிருதா' என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. இதை உங்களுக்கு நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் குடியிருக்கும் ஊரின் பேரிலேயே ஒரு சைக்கிள் பந்தயம் இருக்கிறது, பாரி-ரூபே என்று. 1896-லிருந்து நடக்கிறது. பாரிசுக்கு வடக்கே கொம்பியேனில் கிளம்பி, 259 கிலோமீட்டர் ஓட்டி, எங்கள் ஊர் மைதானத்தில் வந்து முடிக்கிறார்கள். அதில் 55 கிலோமீட்டர் கருங்கல் பாவிய பழைய பாதை. 'பாவே' என்கிறார்கள். ஜெயித்தவர் கையில் தூக்கிக் காட்டுவதும் கோப்பை இல்லை, அந்தக் கல்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் பந்தயத்தைப் பார்க்க, அது போகும் வழியில் இருக்கும் ஆரன்பெர்க் காட்டுக்குப் போனேன். மரங்களுக்கு நடுவே நேராக 2.3 கிலோமீட்டர் கல் பாதை. பாதை ஓரத்தில் ஓர் அணியின் ஆள் இரண்டு சக்கரங்களை வைத்துக்கொண்டு நின்றார். கேட்டேன், டயரைத் தொட்டுப் பார்க்க விட்டார். நம் சைக்கிள் கடையில் நீங்கள் செய்வதுபோலவே கட்டைவிரலால் அழுத்தினேன். அமுங்கியது! உங்கள் கையில் கிடைத்திருந்தால் 'காத்து பத்தாது' என்று பம்பை எடுத்திருப்பீர்கள். காற்றை இறுக்கி அடித்தால் கல்லில் சக்கரம் துள்ளுமாம், குறைத்தால்தான் பிடிக்குமாம். அப்புறம் ஹெலிகாப்டர் சத்தம், கார்கள், ஒரே நொடியில் அவர்கள். கைகளும் கன்னமும் அதிர்வதைக் கண்ணால் பார்த்தேன் அப்பா.

ஓர் அணிக்கு 7 பேர். ஏழு பேரும் ஜெயிப்பதற்காக வருவதில்லை. ஒருவருக்காக மற்றவர்கள் எதிர்காற்றைத் தாங்கி முன்னால் ஓட்டுகிறார்கள், தண்ணீர் வாங்கி வருகிறார்கள். அவர் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். தூர் தெ பிரான்ஸ் என்று பல நாள் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயம் இருக்கிறது. 1934-ல் அதில் ரெனே வியேத்தோ என்ற 20 வயதுப் பையன், தன் அணித் தலைவர் அந்தோனேன் மாஞ்ஞுக்கு அப்படித்தான் முன்சக்கரத்தைக் கொடுத்தான். மாற்றுச் சக்கரம் வரும்வரை சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த படம் ஒன்று இருக்கிறது. அந்த வருஷம் மாஞ்ஞ் ஜெயித்தார். வியேத்தோ கடைசிவரை தூர் ஜெயிக்கவே இல்லை. ஆனாலும் இங்கே பெரியவர்கள் அந்தப் பையனின் பேரைத்தான் பாசமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

காட்டு முகப்பில் ஒரு நினைவுக்கல் உண்டு, ஜான் ஸ்தாப்லின்ஸ்கி என்பவருக்கு. போலந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை, சின்ன வயதிலேயே இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். 1962-ல் உலகச் சாம்பியன் ஆனார். இந்தப் பாதையைப் பந்தயக்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்ததும் அவர்தான், 1968-ல் முதன்முதலாக இதில் ஓட்டினார்கள். உண்மையான குடும்பப் பெயர் ஸ்தாப்லெவ்ஸ்கி. பத்திரிகைக்காரர்கள் மாற்றி எழுத, அதுவே நிலைத்துவிட்டது. என் பெயரையும் இங்கே ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அந்தக் கல் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

சனிக்கிழமை பெண்கள் பந்தயம். 2021-ல்தான் பெண்களுக்கும் தொடங்கினார்கள். பொலீன் ஃபெரான்-ப்ரேவோ தன்னந்தனியாக மைதானத்துக்குள் நுழைந்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. இதை ஜெயித்த முதல் பிரெஞ்சுப் பெண். ஆண்களில் பிரெஞ்சுக்காரர் ஜெயித்தே 28 வருஷம் ஆகிறது, 1997-ல் கெதோன்தான் கடைசி. இந்த முறையும் ஹாலந்துக்காரர் வான் டெர் பூல், தொடர்ந்து மூன்றாவது தடவை. அதனால்தானோ என்னவோ, சனிக்கிழமை மைதானத்தில் பக்கத்தில் நின்ற பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். நம் கடையில் அரை மணி வாடகைக்கு ஒரு பெண் பிள்ளை வந்தால்கூட, குட்டை சைக்கிளாகத் தேடி சீட்டை இறக்கிக் கொடுப்பீர்களே, அது ஞாபகம் வந்தது.

சரி, ஒரு விஷயம். 40 யூரோவுக்குப் பழைய சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். பின்சக்கரம் வலது பக்கம் கோட்டம். பஞ்சர் ஒட்ட, ஓவராயில் பண்ணக் கற்றுக்கொடுத்த நீங்கள் கோட்டம் எடுக்க மட்டும் யாரையும் தொட விட்டதில்லை. எந்தப் பக்க ஸ்போக்கை, எத்தனை சுற்று முறுக்க வேண்டும்? படம் போட்டு எழுதி அனுப்புங்கள். அதுவரை கழற்றாமல் வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்