காளான் வளர்ப்புப் பெட்டியில் காற்றோட்டக் குறை: ஒரு வாடிக்கையாளரின் புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தானியங்கிக் காளான் வளர்ப்புப் பெட்டியின் விசிறி, ஈரப்பத சென்சார், கையேடு ஆகியவற்றில் உள்ள குறைகள் – பணத்தைத் திருப்பித் தரவும் கையேட்டைத் திருத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்திடம் வாங்கிய வளர்ப்புப் பெட்டியில் சிப்பிக் காளான் காம்பு நீண்டு, குடை விரியாமல் வருகிறது என்று முன்பே எழுதியிருந்தேன். ஈரப்பதம் போதவில்லை, மூடியைத் திறந்து வைக்காமல் தண்ணீரைக் கூடுதலாகத் தெளியுங்கள் என்று தங்கள் சேவைப் பிரிவிலிருந்து பதில் வந்தது. அந்தப் பதில் தவறு. அதன்படி நடந்ததில் காளான் மேலும் கெட்டது. காளானுக்கு ஈரம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் புதிய காற்று. தங்கள் பெட்டி ஈரத்தைக் காப்பதற்காகக் காற்றை அடைத்துவிடுகிறது. இதை ஆதாரத்தோடு கீழே எழுதியிருக்கிறேன். கடிதம் சற்று நீளமானது. சேவைப் பிரிவோடு நிறுத்திவிடாமல், பெட்டியை வடிவமைத்தவர்களின் பார்வைக்கும் இதைக் கொண்டுபோக வேண்டுகிறேன்.

பெட்டியோடு தாங்கள் காளான் வித்து கலந்த இரண்டு வளர்ப்புப் பைகள் அனுப்பியிருந்தீர்கள். இரண்டிலும் ஒரே வித்து, ஒரே தயாரிப்புத் தேதி. இரண்டிலும் வித்திலிருந்து வளரும் வெண்ணிற இழை முழுமையாகப் பரவியிருந்தது. ஒன்றைக் கையேட்டில் உள்ளபடி பெட்டிக்குள் வைத்து மூடினேன். மற்றொன்றைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, அதே ஜன்னல் வெளிச்சத்தில், துளையிட்ட பாலித்தீன் உறையைத் தளர்வாகப் போர்த்தி வைத்தேன். உறையின் உட்புறத்தில் மட்டும் தண்ணீர் தெளித்தேன்; காலையிலும் மாலையிலும் உறையைத் தூக்கி அட்டையால் விசிறினேன். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மொட்டு வந்தது. அதன் பிறகு இரண்டும் வெவ்வேறு இனம் என்று சொல்லும்படி வளர்ந்தன. பெட்டியில் இருந்த கொத்தில் காம்பு ஒவ்வொன்றும் விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. அதன் நுனியில் குடை சட்டைப் பொத்தான் அளவில் நின்றுவிட்டது. அடிக்காம்பைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெள்ளை மயிரிழை. வெளியே வைத்த பையிலோ குட்டையான காம்பும், உள்ளங்கை அகலக் குடையும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய கொத்துமாக வந்தது. படங்களை இணைத்திருக்கிறேன். வித்தின் மீதோ வெளிச்சத்தின் மீதோ குறை சொல்ல இதில் இடமில்லை.

காம்பு நீள்வதும் குடை சிறுப்பதும் அடியில் மயிரிழை படர்வதும் கரியமில வாயு தேங்கியதற்கான அடையாளங்கள். காளான் வளர்ப்போர் இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். காளான் செடி அல்ல. ஒளிச்சேர்க்கை அதற்குக் கிடையாது. நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியே விடுகிறது. வைக்கோலையோ மரத்தூளையோ சிதைத்து உண்ணும்போது இந்த மூச்சு இன்னும் வேகமாக நடக்கிறது. இயற்கையில் பூசண இழை மரக்கட்டையின் உள்ளே, கரியமில வாயு மிகுந்த இடத்தில்தான் பரவுகிறது. மரப்பட்டையின் விளிம்புக்கு வந்து புதிய காற்றைத் தொடும்போது, வித்துத் தூளைப் பரப்ப ஏற்ற இடம் வந்துவிட்டது என்ற குறிப்பு அதற்குக் கிடைக்கிறது. அங்கேதான் காளான் முளைக்கிறது. முளைத்த இடத்தில் காற்று கெட்டிருந்தால் காம்பை நீட்டி நல்ல காற்றைத் தேடுகிறது, குடை விரிப்பதைத் தள்ளிப்போடுகிறது. பெட்டிக்குள் அது செய்ததும் இதுவே.

திறந்தவெளிக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சம் பங்கில் சுமார் 420 பங்கு இருக்கிறது. சிப்பிக் காளான் நன்றாக விரிய வேண்டுமானால் இது 1000 பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது வளர்ப்போர் கடைப்பிடிக்கும் அளவு. நண்பரிடம் கரியமில வாயுவை அளக்கும் மீட்டரை இரவல் வாங்கி, ஈரமூட்டி ஓடாத நேரத்தில் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அது 3000ஐத் தாண்டியது. அதே நேரத்தில் பெட்டிக்கு வெளியே, அறையில், 600ஐ ஒட்டி இருந்தது. அடைப்பு பெட்டிக்குள்தான் இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

விசிறி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஓடுவதில்லை. கையேட்டின்படி, ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டதும் ஈரமூட்டி நின்றுவிடும்; 95ஐத் தாண்டினால் மட்டுமே விசிறி இயங்கும். 90லேயே ஈரமூட்டி நிற்கும்போது 95ஐத் தாண்டுவது எப்படி? விசிறி இயங்குவதற்கான நிலை வராதபடிதான் கட்டுப்பாடே அமைக்கப்பட்டிருக்கிறது. விசிறியின் வாயில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, பெட்டியை வேலை செய்யவிட்டுப் பார்த்தேன். ஈரமூட்டி பலமுறை ஓடி ஓடி நின்றது. காகிதம் ஒருமுறைகூட அசையவில்லை. இது என் பெட்டியில் மட்டும் ஏற்பட்ட பழுது என்று நான் நினைக்கவில்லை. ஒரே கட்டுப்பாட்டு முறையோடு விற்ற எல்லாப் பெட்டிகளிலும் இப்படித்தான் இருக்கும். விசிறியை ஈரத்தை வெளியேற்றும் கருவியாக மட்டும் பார்த்திருக்கிறீர்கள். காளான் மூச்சு விடுவதற்கு அதில் கணக்கே இல்லை.

இனி சென்சாரின் கதை. இதைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. சமையல் உப்பில் சில துளி தண்ணீர் விட்டு, உப்பு முழுவதும் கரைந்துவிடாமல் நனைந்த நிலையில் இருக்கும்படி ஒரு சிறு மூடியில் வைத்து, சென்சாரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் இரவு முழுக்க அடைத்து வைக்க வேண்டும். சாதாரண அறை வெப்பத்தில் அந்தப் பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். தங்கள் சென்சார் 68 காட்டியது. மறுபடியும் செய்து பார்த்தேன், அதே அளவுதான். ஈரம் மிக மிகும்போது இத்தகைய சென்சார்களின் பிழை இன்னும் கூடுவதும் உண்டு. ஆகவே அது 90 என்று காட்டும்போது பெட்டிக்குள் உண்மையான ஈரப்பதம் ஏறக்குறைய உச்சத்தில் இருக்கிறது. அந்த நிலையில் வெப்பம் ஒரு டிகிரி இறங்கினாலே போதும், பெட்டியின் சுவரிலும் காளானின் குடையிலும் தண்ணீர் கோத்துக்கொள்ளும். மூடியின் உட்புறத்தில் கோத்த துளிகள் ஒன்று சேர்ந்து, மொட்டுக் கொத்தின் மேலேயே சொட்டுவதைக் காலை நேரத்தில் கண்ணால் பார்த்தேன். இரண்டு குறைகளும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன. சென்சார் குறைத்துக் காட்டுவதால் ஈரமூட்டி தேவைக்கு மேல் ஓடுகிறது. அதே காரணத்தால் விசிறிக்குரிய 95 என்ற எண்ணும் எட்டாமலே போகிறது.

இப்படி ஏற்கெனவே நனைந்து கிடந்த பெட்டிக்குள்தான் இன்னும் தண்ணீர் தெளிக்கச் சொன்னீர்கள். தெளித்தேன். அதிகம் விளைந்த ஓரக் கொத்தின் குடைகளில் முதலில் வெளிர்மஞ்சள் திட்டுகள் தோன்றின. பிறகு அவை பழுப்பாகி, தொட்டால் வழுக்கின. இது சூடோமோனாஸ் டோலாசி என்ற பாக்டீரியா உண்டாக்கும் புள்ளி நோயின் அறிகுறி. குடையின் மேல் தண்ணீர்ப் படலம் மணிக்கணக்கில் காயாமல் நிற்பதுதான் அதற்குச் சாதகமான சூழல். தெளித்த தண்ணீர் குடையிலிருந்து சில மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும், அதற்குக் காற்று நகர வேண்டும் என்பது வளர்ப்பின் பாலபாடம். அந்தக் கொத்து முழுவதையும் வெட்டிக் குப்பையில் போட வேண்டியதாயிற்று. அதைச் செய்யும்போது எனக்கு உண்டான ஆத்திரத்தைத் தங்களிடம் மறைக்கத் தேவையில்லை. ஒரு விதையையோ செடியையோ வளர்த்தவர்களுக்கு இந்த மனநிலை புரியும்.

ஈரம் மிகுந்தால் நல்லதுதானே என்ற எண்ணம் தங்கள் கையேடு முழுவதும் தெரிகிறது. காளானின் எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர் என்பது உண்மை. காற்று வறண்டால் மொட்டு கருகும், குடையின் ஓரம் வெடிக்கும் என்பதும் உண்மை. மறுக்கவில்லை. ஆனால் காளானின் மேற்புறத்திலிருந்து ஈரம் மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்க வேண்டும். பையில் உள்ள நீரும் சத்தும் மேலே ஏறுவதற்கு அது துணை. காற்று அசையாமல் ஈரம் உச்சத்தில் நின்றால் ஆவியாதல் நின்றுபோகிறது; வளர்ச்சியும் தேங்குகிறது. 85 முதல் 95 சதவீத ஈரமும் மெல்ல மாறிக்கொண்டே இருக்கும் காற்றும் சேர்ந்து கிடைக்கும்போதுதான் குடை விரியும்.

விசிறியை அடிக்கடி ஓடவிட்டால் ஈரமெல்லாம் வீணாகும், ஈரமூட்டியால் ஈடுகட்ட முடியாது என்று தங்கள் தொலைபேசிப் பணியாளர் சொன்னார். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். அறையில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் அதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. அதை 90க்கு உயர்த்த ஒரு கன மீட்டருக்குச் சுமார் 9 கிராம் தண்ணீர் போதும். தங்கள் பெட்டியின் கொள்ளளவு 100 லிட்டர், அதாவது ஒரு கன மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆக, பெட்டியின் காற்று முழுவதையும் ஒருமுறை மாற்ற ஒரு கிராமுக்கும் குறைவான தண்ணீர்தான் செலவு. சிப்பிக் காளானுக்கு மணிக்கு 4 முதல் 8 முறை காற்று மாற வேண்டும் என்பார்கள். 4 முறை என்று வைத்தால் ஒரு நாள் முழுவதற்கும் 100 கிராமைத் தொடாது. பெட்டியோடு வரும் தொட்டி இரண்டு லிட்டர் கொள்ளும்! காற்றையும் ஈரத்தையும் ஒருசேரக் கொடுக்க இந்தக் கருவிக்கே போதிய திறன் இருக்கிறது. கட்டுப்பாட்டு முறைதான் அதைத் தடுக்கிறது. அறை இதைவிட வறண்டிருந்தாலும் செலவு சற்றுக் கூடுமே தவிர, தொட்டிக்கு மிஞ்சாது.

கையேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "காற்றோடு கிருமிகள் புகும், அறுவடை வரை மூடியைத் திறக்க வேண்டாம்" என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். வித்துப் பரவும் காலத்துக்கு இது பொருந்தும். அப்போது இழை கரியமில வாயுவை நிறையவே தாங்கும். பச்சைப் பூசணம் புகுந்துவிடாமல் மூடி வைப்பதும் சரி. இழை முழுவதும் பரவி, மொட்டு எழும் காலத்தில் நிலைமை தலைகீழாக மாறுகிறது. தாங்கள் அனுப்பியது வித்து முழுமையாகப் பரவிய பை. அதை வாங்குபவருக்கு முந்தைய கட்டத்தின் அறிவுரையைக் கொடுப்பதால், முதன்முறையாக வளர்ப்பவர்கள் தங்கள் கைதான் ராசியில்லாதது என்று நினைத்து இந்த வேலையையே விட்டுவிடுவார்கள். எனக்கு இதில் வருத்தம் அதிகம். வீட்டின் ஒரு மூலையில், வேண்டாத வைக்கோலிலிருந்து உணவு விளைவதைப் போல மனத்துக்கு நிறைவு தரும் வேலை வேறு குறைவு.

விசிறி ஒழுங்காக இயங்கினால் இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படும். முதிர்ந்த சிப்பிக் காளான் ஏராளமான வித்துத் தூளை உதிர்க்கும். அடைத்த அறையில் அதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு இருமலும் மூச்சுத் திணறலும் நுரையீரல் அழற்சியும் வரக்கூடும். குடையின் ஓரம் மேல்நோக்கித் திரும்புவதற்கு முன்பே அறுவடை செய்ய வேண்டும், விசிறியின் வெளிப்புற வாயை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று ஒரு வரிகூடக் கையேட்டில் இல்லை. ஈரமூட்டித் தொட்டியின் பழைய தண்ணீரை அடிக்கடி கொட்டிக் கழுவுவது பற்றியும் இல்லை.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது: பெட்டிக்கும் இரண்டு பைகளுக்கும் நான் செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். "பயனரின் தவறு" என்று என் முந்தைய புகாரை முடித்துவைத்த குறிப்பைத் திரும்பப் பெற்று, அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதே பெட்டியை வாங்கிய மற்றவர்களுக்கு, விசிறியை ஈரப்பத சென்சாரிலிருந்து பிரித்து நேரக் கணக்கில் தனியே இயக்கும் மாற்றுக் கட்டுப்பாட்டுப் பலகையைக் கட்டணமின்றி அனுப்ப வேண்டும். அது வந்து சேரும்வரை, மொட்டு வந்ததும் மூடியை ஒரு விரல் அகலம் திறந்து வைக்கவும், குடையின் மேல் நேராகத் தண்ணீர் தெளிக்காமல் இருக்கவும் அவர்களுக்கு உடனே செய்தி அனுப்ப வேண்டும். இதற்குத் தங்களுக்குச் செலவு எதுவும் இல்லை, நாளைக்கே செய்யலாம். கையேட்டில் வித்துப் பரவும் காலத்தையும் காளான் முளைக்கும் காலத்தையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து எழுத வேண்டும். சென்சாரை வீட்டிலேயே உப்பால் சோதிக்கும் முறையையும் அதில் சேர்க்கலாம்.

வெளியே வைத்த பையில் இப்போது இரண்டாம் முறையாக மொட்டு எழுந்திருக்கிறது. தங்கள் தொழில்நுட்பப் பணியாளர் யாராவது நேரில் வந்து பார்க்க விரும்பினால், பெட்டியையும் பையையும் காட்டி, மீட்டரையும் முன்னால் வைத்துச் சோதித்துக் காட்டத் தயாராக இருக்கிறேன். இரண்டு வாரங்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இதே ஆதாரங்களோடு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: இரண்டு பைகளின் படங்கள், மீட்டர் அளவின் படம், உப்புச் சோதனையின் படம், வாங்கியதற்கான ரசீதின் நகல், தங்கள் முந்தைய பதிலின் நகல்.