செட் மாத்திரைக் கவரில் மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் எங்கள் பெரம்பூர் பக்கம் மெடிக்கல் ஷாப்புகளில் சாயங்காலம் ஒரே குரல்தான் கேட்கும்: "அண்ணே, சளி காய்ச்சலுக்கு ரெண்டு செட் குடுங்க." கடைக்காரர் மூன்று நான்கு அட்டைகளை எடுத்து, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றிலும் ரெண்டு ரெண்டாக வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருவார். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். நானும் இருபது வருடமாக அப்படித்தான் வாங்கினேன். போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு, இந்தக் கவரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு 72 வயது. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார், ப்ராஸ்டேட் வீக்கமும் உண்டு. மூக்கு ஒழுகுகிறது, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்றார். வேலை முடிந்து வரும் வழியில் நான்கு செட் வாங்கி வந்தேன். யாருக்கு, என்ன வயது என்று கடையில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் மூன்று வேளையும் அதைச் சாப்பிட்டார். ராத்திரி உடம்பு சுடுகிறதே என்று அம்மா வீட்டில் இருந்த டோலோ 650 ஒன்றையும் கொடுத்துவிட்டார். விடிகாலை மூன்று மணிக்கு அப்பா என்னை எழுப்பினார். அடிவயிறு கல் மாதிரி இருந்தது, ஒண்ணுக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு எடுத்த பிறகுதான் அவருக்கு மூச்சே சீராக வந்தது.

அங்கே டாக்டரம்மா "என்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்று கேட்டபோது, மிச்சமிருந்த செட்டைக் கவரோடு நீட்டினேன். மேஜையில் கொட்டி செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். ஒரு துண்டில் கம்பெனி பெயர் பாதி, இன்னொன்றில் விலையின் கடைசி இரண்டு எண்கள், மூன்றாவதில் வெறும் வெள்ளிப் பளபளப்பு. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடையில் மீந்த அட்டையோடு போய்விட்டன. மறுநாள் காலை நான் கடைக்கே போய் முழு அட்டைகளை வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

சளி மாத்திரையில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், கூடவே மூக்கடைப்புக்கு என்று ஃபினைலெஃப்ரின், மூக்கு ஒழுகலுக்கு என்று குளோர்ஃபெனிரமின். காய்ச்சல் மாத்திரை என்று தனியாக வைத்ததும் பாராசிட்டமால்தான், அது 650. ஆக ஒரு வேளைக்கு 1,150, மூன்று வேளைக்கு 3,450, அம்மா கொடுத்த டோலோவும் பாராசிட்டமால் 650தான், அதையும் சேர்த்தால் 4,100 மில்லிகிராம். நல்ல திடமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 4,000-ஐத் தாண்டக் கூடாது; வயதானவர்கள், மெலிந்தவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் எல்லாம் அதற்கும் குறைவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அளவு மீறினால் கல்லீரல் கெடும், அதுவும் முதல் நாளில் வெளியே ஒன்றும் தெரியாது. நல்லவேளை, அப்பாவின் ரத்தப் பரிசோதனை சரியாக வந்தது. ஆனால் சளி மாத்திரையில் இருந்த மற்ற இரண்டு மருந்தும், ப்ராஸ்டேட் வீக்கம் இருப்பவர்களுக்குச் சிறுநீரை அடைக்கக்கூடியவை என்று டாக்டரம்மா சொன்னார். ஃபினைலெஃப்ரின் பி.பி.யையும் ஏற்றும். இத்தனைக்கும் அது மாத்திரையாகச் சாப்பிட்டால் மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று 2023-லேயே அமெரிக்க நிபுணர் குழு சொல்லிவிட்டது. குளோர்ஃபெனிரமின் தூக்கம் வரவழைக்கும். டெலிவரி வேலை பார்க்கும் எத்தனை தம்பிகள் இது தெரியாமல் இதைப் போட்டுக்கொண்டு மழையில் வண்டி ஓட்டுகிறார்களோ, நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இன்னொன்று, மழைக்காலம் என்றால் டெங்குவும்தான். உடம்பு வலிக்கு என்று சில செட்டில் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரையும் சேர்க்கிறார்கள். டெங்குவாக இருந்தால் இவை ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமாலோடு, அதையும் அளவோடு, நிறுத்திக்கொள்வதுதான் சரி.

குழந்தைகள் விஷயம் கேட்கவே வேண்டாம். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. நம் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த செய்தியையும் 2025 அக்டோபரில் பார்த்தோம். அப்புறமும் பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

செட் வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டாக்டரிடம் உட்கார முடியாதவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். அவர்களிடம், வீட்டில் யாருக்கு, பி.பி., ப்ராஸ்டேட், கல்லீரல் கோளாறு ஏதாவது உண்டா, வேறு மாத்திரை ஓடுகிறதா என்று கடையில் கேட்க எவ்வளவு நேரமாகும்? வெட்டும்போது பெயரும் தேதியும் உள்ள பக்கத்தை வாங்குபவருக்குக் கொடுங்கள், முடியாவிட்டால் கவரின் மேல் தமிழில் எழுதுங்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த மழை தொடங்கும் முன்பே இதைச் சுற்றறிக்கையாக எல்லாக் கடைகளுக்கும் அனுப்ப வேண்டும். போன வாரம் அதே கடையில் அம்மாவுக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்கும்போது நான் விடாமல் கேட்டேன். அங்கிருந்த தம்பி பேனாவை எடுத்து "பாராசிட்டமால் 650, காலாவதி அடுத்த வருஷம் மார்ச்" என்று கவரில் எழுதிக் கொடுத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இப்படிக்கு,
வாசகர், பெரம்பூர், சென்னை