அந்த அக்கா கேட்ட கேள்வி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து கனநாளாகிறது. அறுவடை நேரம் என்பதால் உடனே பதில் எழுதவில்லை. பெரும்போகம் பரவாயில்லை. கடைசி மழை கொஞ்சம் நெல்லைச் சாய்த்துவிட்டது, ஆனாலும் போட்ட காசு கைக்கு வரும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது. சிறுபோகத்துக்கு எவ்வளவு காணி என்பதைக் கூட்டம் வைத்துத்தான் சொல்வார்கள். தென்னையில் ஒரு குரும்பையைக்கூடக் குரங்கு விட்டுவைப்பதில்லை. மனுசிக்குச் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எனக்கு முழங்கால். இவ்வளவுதான் எங்கள் புதினம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். போன ஆடியில் கனடாவிலிருந்து பாஸ்டராக வந்து நீ வைத்த வீட்டுக்கூட்டங்களுக்குச் சனம் வந்தது. கவனமாகக் கேட்டது. தலையில் கைவைத்து நீ ஜெபித்தபோது சிலர் அழுதார்கள். ஆனால் ஞானஸ்நானம் என்றதும் ஒருவரையும் காணவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டுவிட்டுப் பதிலையும் நீயே எழுதியிருக்கிறாய்: பெருமை, பாவத்தில் ஆசை, ஒளியைவிட இருளை விரும்புதல், இப்பிரபஞ்சத்தின் தேவனானவன், அதாவது சாத்தான், மனதைக் குருடாக்கியது. அதிகாரம், வசனம் எல்லாம் எண்ணோடு போட்டிருக்கிறாய்.

நானும் கேட்டுவிட்டு வராமல் நின்ற ஆள்தான். அதனால் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது சரி. முதலில் ஒன்று. நீ மாறியது பொய் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. குடியை விட்டாய், உன் குடும்பம் நிமிர்ந்தது. அதைக் கண்ணால் கண்டவன் நான். நீ எழுதிய காரணங்கள் பொருந்துகிற ஆட்களும் இங்கே இருக்கிறார்கள். சந்தியில் கடை வைத்திருக்கிறவர் என்னிடமே சொன்னார், "இயேசு நல்லவர்தான், சாராயத்தை விடச் சொல்லுகிறாரே" என்று. விருந்துக்குக் கூப்பிட்டபோது வயல் வாங்கினேன், மாடு வாங்கினேன், கலியாணம் கட்டினேன் என்று சாட்டுச் சொன்னவர்களைப் பற்றி லூக்கா எழுதியிருக்கிறாரே, அவர்களும் எங்கள் ஊரில் தாராளம். மகளுக்கு மாப்பிள்ளை எந்தப் பக்கத்தில் தேடுவது, செத்தவீட்டுக்குச் சொந்தக்காரர் வருவார்களா என்கிற பயமும் இருக்கிறது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

அறியாமையால்தான் மறுக்கிறார்கள் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். அதை மட்டும் வெட்டிவிடு. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தவர் ஆறுமுக நாவலர். அந்தப் புத்தகத்தை அவரளவுக்கு வரிவரியாகப் படித்த கிறிஸ்தவர்களே அந்தக் காலத்தில் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். படித்துவிட்டுத்தான் அவர் சைவத்துக்காக நின்றார்.

உன் பட்டியலில் ஒன்றைக் காணவில்லை மச்சான். துக்கம். வன்னியில் நின்று பேசிவிட்டுப் போன ஒருவன் அதை எப்படி விட்டான் என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்காவை உனக்கு ஞாபகமிருக்கும். உன் கூட்டத்துக்குப் பின்வரிசையில் வந்திருந்தார். அவருடைய இளையவன் கடைசி யுத்தத்தில் மாத்தளனில் செல் விழுந்து செத்தான். பதுங்கியிருந்த பங்கர் குழிக்குப் பக்கத்திலேயே புதைத்துவிட்டு ஓடினார்கள். மூத்தவன் 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவன். இன்றுவரை தகவல் இல்லை. 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் இவரும் போய் இருந்தவர்.

நீ போன பிறகு, உன்னோடு வந்த அந்த ஊழியக்காரத் தம்பி அவர் வீட்டுக்குப் போனான். நானும் அங்கே நின்றேன். பெடியன் நன்றாகத்தான் பேசினான், அவசரப்படவில்லை. இயேசு உங்கள் கண்ணீரைத் துடைப்பார் என்றான். அக்கா அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "தம்பி, என்ர சின்னவன் இப்ப எங்க?" அவனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அக்கா விடவில்லை. "அவன் விபூதி பூசினவன். உங்கட ஆளை அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அவன் எங்க?" படித்ததை அவன் சொல்லிவிட்டான். விசுவாசியாமல் போனவர்களுக்கு ஆக்கினை என்று, மெல்லிய குரலில், தலையைக் குனிந்துகொண்டு. அவனில் எனக்குக் கோபமில்லை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அக்கா எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவன் குடித்து முடித்ததும், "இனி வரவேண்டாம் ராசா" என்றார்.

இதை நீ இருதயக் கடினம் என்று எழுதுவாயா? தான் மட்டும் சொர்க்கத்துக்குப் போய்ப் பிள்ளையை மற்றப் பக்கத்தில் விட்டுவிடும்படி ஒரு தாயைக் கேட்டிருக்கிறோம். அவர் மாட்டேன் என்றார். எனக்கென்றால் அது அன்பாகத்தான் தெரிகிறது.

இது எங்கள் ஊரில் மட்டும் எழுந்த கேள்வியும் இல்லை. 1544 இல் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவர்களைச் சங்கிலி மன்னன் கொல்வித்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவர்களிடம் குருவானவரை அனுப்பியவர் பிரான்சிஸ் சவேரியார். அவர் 1549 இல் ஜப்பானுக்குப் போனார். 1552 இல் அவர் எழுதிய கடிதம் ஒன்றில் இந்த விஷயம் வருகிறது. செத்துப்போன தாய் தகப்பனும் பிள்ளைகளும் நரகத்தில்தான், மீட்க வழியில்லை என்று கேட்டதும் அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் அழுதார்களாம். அதைப் பார்க்கத் தனக்கும் துக்கம் வந்ததாக எழுதுகிறார். ஐரோப்பாவிலும் பழைய கதை ஒன்று உண்டு. ஃபிரீசிய அரசன் ராட்போட் ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு காலை வைத்துவிட்டு, என் முன்னோர் எங்கே என்று கேட்டானாம். நரகத்தில் என்றார்கள். அந்தக் கூட்டம் இல்லாத மோட்சம் வேண்டாம் என்று காலை எடுத்துவிட்டானாம்.

இன்னொன்றும் இருக்கிறது, நீ சைவ வீட்டில் பிறந்தவன், உனக்கு விளங்கும். சின்னவனுக்கு அக்கா வருடாவருடம் திவசம் செய்து படைக்கிறார். மூத்தவனுக்கு அந்தியேட்டி என்கிற செத்தவீட்டுக் கிரியையே செய்யவில்லை. செய்தால் அவன் செத்துவிட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். புருசனுக்கு ஆடி அமாவாசை. ஞானஸ்நானம் எடுத்தால் இதையெல்லாம் நிறுத்தச் சொல்வீர்கள். அவருக்கு அது சடங்கை விடுவது இல்லை, பிள்ளைக்குச் சோறு போடாமல் விடுவது.

இயேசுவை அவர் வேண்டாம் என்று சொன்னதும் கிடையாது. வற்றாப்பளை அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மடு மாதா படம் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை, ஆவணித் திருவிழாவுக்கு மடு. மாதாவும் மகனைப் பறிகொடுத்த தாய்தானே என்பார். மடுக் கோயிலில் இருக்கும் அந்த மாதா சொரூபமே ஒல்லாந்தருக்குப் பயந்து 1670 இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் வந்தது. 2008 ஏப்ரலில் செல்லடிக்குள் தேவன்பிட்டிக்குப் போனது. எங்களைப்போல இடம்பெயர்ந்த மாதாவை அவர் எப்படி ஒதுக்குவார்? வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் ஜோசப் பாதரும் இன்னும் திரும்பவில்லை. அந்தப் பாதரின் பேரை அக்கா சொல்லும் விதத்தைக் கேட்டால், கிறிஸ்தவத்தை மறுக்கிற ஆள் என்று நீ எழுதமாட்டாய். "இயேசு மட்டும்தான், மற்றதெல்லாம் பேய்" என்கிற இடத்தில்தான் அக்கா மாட்டேன் என்று தலையாட்டுகிறார்.

கொடுக்கிற கையைப் பற்றியும் சொல்லவேண்டும், கோபிக்காதே. ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் இல்லாமல் கலியாணப் பதிவு, சொத்து, உத்தியோகம் எல்லாமே சிக்கல். ஏட்டில் கிறிஸ்தவர், வீட்டுக்குள் விபூதி. ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும் பெரும்பாலானோர் பழையபடி கோயிலுக்குத் திரும்பிவிட்டார்கள். யுத்தம் முடிந்து மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து வந்து தறப்பாள் கொட்டிலில் கிடந்தபோது, அரிசிப் பையோடு துண்டுப்பிரசுரமும் வந்ததைச் சனம் மறக்கவில்லை. சும்மா கொடுத்துவிட்டுப் போனவர்களையும் மறக்கவில்லை. ஆனால் உண்மையாகவே மாறியவனைக்கூட "சோத்துக்கு மாறினவன்" என்று சொல்ல அந்தப் பை போதும்.

உனக்கு நான் வேதம் சொல்லித் தரக்கூடாது. இருந்தாலும் நீ தந்த புத்தகத்தைப் படித்தவன் என்ற உரிமையில் இரண்டு விஷயம். நாயீன் ஊர் விதவையின் மகனைப் பாடையிலிருந்து எழுப்பியபோது, விசுவாசிக்கிறாயா என்று இயேசு அவளைக் கேட்கவில்லை. அழாதே என்றார், பிள்ளையைத் தாயிடம் கொடுத்தார். மற்றது, காவலில் இருந்த ஆவிகளுக்கு அவர் போய்ப் பிரசங்கித்தார் என்று பேதுரு எழுதுகிறார். அதற்கு உங்கள் சபையில் என்ன விளக்கம்? கத்தோலிக்கர் 1964 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தங்கள் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாமல் போனவர்களும் இரட்சிப்பு அடையலாம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். உங்கள் ஆட்கள் அதை ஏற்கமாட்டார்கள், தெரியும். ஏற்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அக்காவின் கேள்விக்கு நீ, பாஸ்டராக இல்லாமல் என் சினேகிதனாக, என்ன பதில் வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்கிறேன். அடுத்த கடிதத்தில் அதை எழுது. வசன எண் வேண்டாம்.

இந்த முறையும் ஆடியில்தான் வருவதாக எழுதியிருக்கிறாய். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு எங்கள் ஒழுங்கைச் சனம் வான் பிடிக்கிறது, அக்காவும் வருகிறார். நீயும் ஏறு. மாதா உங்களுக்கு ஒத்துவராது, ஆனால் வானில் இருக்கக்கூடாது என்று வசனம் ஒன்றும் இல்லையே. பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல். முழங்காலுக்குப் பூசுகிற அந்த மருந்தில் இன்னும் இரண்டு ரியூப் கொண்டுவா.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன்