புயல் கூண்டு ஏற்றினால் யார் பார்க்கிறார்கள்?

கோத்தகிரி

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி தேவலை என்று எழுதியிருக்கிறாய். நல்லது, மாடிப்படியை மட்டும் மறந்துவிடு. இங்கே பச்சைத் தேயிலை விலையைப் பற்றி எழுதினால் கடிதம் முழுக்கப் புலம்பலாகிவிடும், விடு.

மகன் அனுப்பிய ஒரு ஜெர்மன் நாடகம் பார்த்தேன். 2006-இல் அங்கே தொலைக்காட்சியில் இரண்டு பாகங்களாக வந்தது. 1962 பிப்ரவரி 16 இரவு, புயல் தள்ளிவந்த கடல்நீர் எல்பே ஆற்றில் ஏறி, ஹாம்பர்க் நகரின் கரைகளை உடைத்த கதை. நடுவே முக்கோணக் காதல் ஒன்று. ஊரே முழுகும்போது அதில் யாருக்கு மனம் ஒட்டும்?

என்னைத் தூங்கவிடாதது வேறு. ஹாம்பர்க் கடலிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அன்று எச்சரிக்கை வராமல் இல்லை, வானொலியில் சொன்னார்கள். ஆனால் 'வடகடலின் கரையோரத்துக்கு' என்றார்கள். நமக்கில்லை என்று நகரத்தார் படுத்துவிட்டார்கள். ஆற்றுத் தீவான வில்ஹெல்ம்ஸ்பர்கில்தான் சாவு அதிகம். போரில் வீடிழந்தவர்கள் பலர் அங்கே தோட்டக் குடிசைகளிலேயே தங்கிவிட்டிருந்தார்கள். நகரத்தில் மொத்தம் 315 பேர் இறந்தார்கள்.

ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கடல் வெள்ளத்தைப் பற்றி என்ன கவலை என்று கேட்பாய். 2004-இல் உங்கள் நாகப்பட்டினத்துக்கு எச்சரிக்கையே வரவில்லை. எங்களுக்கு வருகிறது, நாங்கள்தான் வாங்கிக்கொள்வதில்லை. நீலகிரிக்கு ரெட் அலர்ட் என்று டிவியில் ஓடினால், பக்கத்து வீட்டுக்காரர் 'அது கூடலூர்ப் பக்கம்' என்பார். கூடலூரில் இருக்கும் என் மைத்துனரோ 'ஊட்டிக்காரர்களுக்கு' என்பார். 2009 நவம்பரில் மண் சரிந்து மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. இருந்தும் சரிவை வெட்டி, ஓடையை ஒட்டி வீடு கட்டுவது நின்றபாடில்லை. மாவட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் ஒருவரும் அசைய மாட்டோம், செல்வம். இன்ன ஓடை, இன்ன சரிவு, இன்ன தெரு என்று வீட்டு வாசலில் வந்து சொல்ல ஆள் வேண்டும்.

உங்கள் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினால் இப்போதாவது படகுகள் கரையில் நிற்கின்றனவா? இல்லை, அங்கேயும் 'அது கடலூருக்கு' என்கிறார்களா? அதை விவரமாக எழுது. வரும்போது நெத்திலிக் கருவாடு கொண்டு வா. இங்கே கிடைப்பது வெறும் உப்பு.

அன்புடன்,
ராஜன்