ஆண்டறிக்கை: இரவு வலசைக் குரல் பதிவுப் பணி

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பள்ளிப் பிள்ளைகளோடு போகும் பறவை நடையும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் இரவுப் பதிவைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கோடியக்கரைக்கு வலசை வரும் உள்ளான்களில் (கரையோரப் பறவைகள்) பல, இரவில் குரல் கொடுத்துக்கொண்டே பறப்பவை. அதைக் கேட்க அக்டோபரில் வேதாரண்யத்தில் உறுப்பினர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் மைக் வைத்தோம். பிளாஸ்டிக் வாளியின் உட்புறம் ஸ்பாஞ்ச் ஒட்டி, வாய் வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தி, மேலே மெல்லிய பாலித்தீன் கட்டினோம். தெருவில் போகும் வண்டிச் சத்தத்தில் பாதியை வாளியே தடுத்துவிடும். கணினியில் செய்யும் எந்த வடிகட்டலையும்விட இந்த வாளியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

காற்றும் அலையும் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில், 1 கிலோஹெர்ட்ஸுக்குக் (1,000 ஹெர்ட்ஸ்) கீழேதான் இரையும். அதனால் முதலில் 1,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டினோம். பதிவு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வக்காவின் (இராக்கொக்கு) ‘குவாக்’ தேய்ந்து எங்கோ முனகுவதுபோல் ஆகிவிட்டது. அதன் குரல் கனமே அந்தக் கீழ்ப்பகுதியில்தான். இப்போது 500-க்குக் கீழே மட்டும் வெட்டுகிறோம்.

சில்வண்டு வேறு ரகம். அலைமாலைப் படத்தில் (ஒலியின் சுருதியை நேரவாரியாகக் காட்டும் படம்) அது இரவு முழுக்க ஒரே உயரத்தில் இழுத்த கோடு. பவளக்காலி (ரெட்ஷாங்க்) உள்ளானின் குரலோ அடுத்தடுத்து இறங்கும் மூன்று சிறு கீற்று. கோடு இருக்கும் அந்தக் குறுகிய சுருதிப் பட்டையை மட்டும் அடக்கினால் கீற்றுகள் தெரிகின்றன. ஆடாசிட்டி என்னும் ஒலி திருத்தும் மென்பொருளின் இரைச்சல் குறைப்பை அளவுக்கு மீறிக் கூட்டியபோது நீருக்குள்ளிருந்து வருவதுபோன்ற போலிக் கீச்சொலிகள் உண்டாயின. அவற்றில் சிலவற்றைச் சிறு பறவை என்று பதிந்துவிட்டோம். அசல் கோப்பைத் திரும்பக் கேட்டபின் அவற்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அசலை வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

அப்புறம் மழை. வடகிழக்குப் பருவத்தில் தவளைகள் தொடங்கினால் எந்த வடிகட்டியும் உதவாது. மார்கழி விடியற்காலை ஒலிபெருக்கியும் அப்படியே. நாதஸ்வரமும் உள்ளானும் ஒரே பட்டையில் பாடுகின்றன. அந்த மணி நேரங்களைப் ‘பறவை இல்லை’ என்று எழுதக்கூடாது, ‘கேட்க முடியவில்லை’ என்றே குறிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். இந்த ஆண்டின் நல்ல முடிவு அதுதான் என்று நினைக்கிறேன். வெற்றிடத்தைப் பூஜ்யமாக எண்ணினால், மழை பெய்த இரவெல்லாம் வலசையே நடக்காத இரவாகிவிடும்.

48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகம், 16 பிட், ஒற்றைத் தடம் என்ற சுருக்காத தரத்தில் 10 மணி நேரப் பதிவு சுமார் 3.5 ஜிபி. இடம் போதாமல் சில இரவுகளின் பதிவை எம்பி3 என்னும் சுருக்கிய கோப்பாக ஆக்கியது என் தவறு. உச்ச சுருதியில் ஒலிக்கும் மெல்லிய குரல்கள் அதில் தேய்ந்துபோகின்றன. அவற்றை மீட்க வழியில்லை. வரும் பருவத்துக்கு முன் இரண்டு வன்தட்டுகள் வாங்கவும், ஒன்றை வேறொருவர் வீட்டில் வைக்கவும் இக்கூட்டம் ஒப்புதல் தர வேண்டுகிறேன். வாளியின் ஸ்பாஞ்சையும் மாற்ற வேண்டும், மழையில் ஊறிக் கிழிந்துவிட்டது.

இப்படிக்கு,
செயலாளர்