ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு புளித்த கடிதம்

ஸ்டுட்கார்ட்,
அக்டோபர் 27

அன்புள்ள வசந்தி,

நீ மார்ச்சில் எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். வார்டனம்மாவைப் போலப் புருவத்தை உயர்த்தாமல் மேலே படி. இங்கு எல்லோரும் நலம். உன் மாமியாருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாகப் பத்மா சொன்னாள். இரத்த அழுத்தம் என்று சொல்லி மருத்துவர் உன் ஊறுகாயைப் பிடுங்கிவிட்டதைப் படித்து நான் சிரித்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. என் அம்மா கொடுத்தனுப்பிய மாவடுவை மூன்றே நாளில் தீர்த்துவிட்டுப் பழியை எலியின்மேல் போட்டவளுக்கு இது வேண்டியதுதான்.

உப்பைக் குறைத்து ஊறுகாய் போட வழியுண்டா என்று கேட்டிருந்தாய். அதற்கு விடை தேடப் போய்த்தான் நான் முட்டைக்கோஸ் ஜாடிக்குள் விழுந்தேன்.

பதினொரு ஆண்டுகளாக இந்த ஊரில் இருந்தும், உப்பில் புளிக்கவைத்த முட்டைக்கோஸான சாவர்க்ரவுட்டை நான் தொட்டதில்லை. வந்த புதிதில் அலுவலக உணவகத்தில் அது பன்றிக்கொழுப்பில் வெந்து சோர்ந்து கிடந்ததைக் கண்டு, தயிர்சாதமே கதி என்று தீர்மானித்துவிட்டேன். சென்ற ஆண்டு இலையுதிர்காலத்தில் எக்டர்டிங்கன் பக்கம் போனபோதுதான் மனம் மாறியது. நகருக்குத் தெற்கே ஃபில்டர் என்றொரு சமவெளி இருக்கிறது (நம் காபிக்கும் அதற்கும் தொடர்பில்லை). அங்கு விளையும் கோஸ் உருண்டையாக இராது; கோயில் கலசம்போல் கூம்பி நிற்கும். இலையும் நரம்பும் மெல்லியவை என்பதால் அரிந்தால் நூல்நூலாக விழும். ஆனால் ஆலை இயந்திரங்களுக்கு உருண்டைக் கோஸ்தான் தோது என்பதாலும், விமான நிலையமும் பொருட்காட்சி வளாகமும் வயல்களில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டதாலும், கூம்புக் கோஸ் பயிரிடுவோர் குறைந்துவிட்டார்கள். நான் இரக்கப்பட்டு இரண்டு தலைகளை வாங்கிவந்தேன். ஒன்றே மூன்று கிலோ இருந்தது!

போடும் முறை நம்ப முடியாத அளவுக்கு எளிது. 1 கிலோ கோஸுக்கு 20 கிராம் உப்புச் சேர்த்துக் கை வலிக்கப் பிசைந்தால் அது தன் நீரைத் தானே விடும்; அந்த நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி ஜாடியில் அழுத்திக் கல்லை வைக்க வேண்டும். வினிகர் ஒரு சொட்டும் கிடையாது. இங்கு விற்கும் ஜாடியின் வாயைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால் உள்ளே எழும் வாயு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே நுழையாது. முதல் வாரம் முழுவதும் நள்ளிரவில் அது ‘களுக்’ என்று குரல் கொடுக்கும். வீட்டில் யாருக்கோ வயிறு சரியில்லை என்று நினைத்து என் கணவர் இருமுறை எழுந்து விளக்கைப் போட்டார். முதல் ஜாடியில் சில துண்டுகள் நீருக்கு மேலே மிதந்து பூசணம் பிடித்ததால் அத்தனையையும் கொட்டினேன். இரண்டாவது, ஐந்து வாரத்தில், மொறுமொறுப்பும் தெளிந்த புளிப்புமாக வந்தது.

இனி உன்மேல் என் குற்றச்சாட்டு. இருபது ஆண்டுகள் நுண்ணுயிரியல் கற்பித்தவளாகிய நீ, இந்தக் கோஸை முதலில் புளிக்கவைக்கும் லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியாதான் நம் இட்லி மாவையும் பொங்கவைக்கிறது என்பதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? அமிலம் ஏறியதும் அது ஒதுங்கிக்கொள்ள, லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற இன்னொரு பாக்டீரியா பொறுப்பை எடுத்துக்கொள்கிறதாம். தினமும் காலையில் உண்பதன் ஒன்றுவிட்ட சகோதரியைப் பதினொரு ஆண்டுகள் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்போது வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, ஓர் ஆப்பிள், பிரிஞ்சி இலை, மணத்துக்காக இங்கு போடும் நாலைந்து ஜூனிப்பர் காய்கள் சேர்த்து, இளந்தீயில் முக்கால் மணி நேரம் வேகவிடுகிறேன். இறக்கும் முன் பச்சை உருளைக்கிழங்கைத் துருவிப் போட்டால் குழம்பு சேர்ந்துகொள்ளும். மறுநாள் சூடாக்கினால் சுவை கூடுகிறது, நம் மீன்குழம்பைப் போல. பிடிகொழுக்கட்டையின் ஒல்லித் தங்கையான ஷுப்ஃப்நூடல்னை, அதாவது உருளைக்கிழங்கு மாவை விரல்போல உருட்டி வேகவைத்ததை, வெண்ணெயில் சிவக்கவிட்டு இதோடு கலந்து உண்பது இவ்வூர் வழக்கம். அங்காடிப் பொட்டலத்தில் வருவது பெரும்பாலும் சூடாக்கி அடைத்தது. புளிப்பு இருக்கும், உயிர் இராது. சந்தையில் பீப்பாயிலிருந்து எடுத்து நிறுத்துத் தருவதே மேல்.

மகன் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டான். 1768இல் எண்டெவர் கப்பலில் புறப்பட்ட கேப்டன் குக், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு அஞ்சி இதை ஏற்றிச் சென்றார். மாலுமிகள் தொட மறுத்தபோது, அதிகாரிகளின் மேசையில் மட்டும் நாள்தோறும் பரிமாறச் செய்ய, சில நாட்களில் மாலுமிகளே கேட்கத் தொடங்கினார்கள். நானும் அவனுக்கு வைக்காமல் நாங்கள் இருவர் மட்டும் சப்புக்கொட்டினோம். நான்காம் நாள் அவனுடைய முள்கரண்டி என் தட்டுக்கு வந்தது.

இதையெல்லாம் எழுதிவிட்டு உன் கேள்விக்கு விடை சொல்லக் கூச்சமாக இருக்கிறது. உப்பைக் குறைக்க முடியாது, வசந்தி. அமிலம் ஊறும்வரை அழுகலைத் தடுத்து நிற்பது அந்த இரண்டு விழுக்காடுதான். குறைத்தால் கோஸ் கொழகொழத்துப்போகும். 100 கிராமில் ஏறக்குறைய 2 கிராம் உப்பு என்றால், நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவில் அது எவ்வளவு என்று நீயே கணக்கிடு. அலசிச் சமைத்தால் ஓரளவு இறங்கும், அதோடு பாதிப் புளிப்பும் போகும். சிரித்தது போதும், மாத்திரையை ஒழுங்காக விழுங்கு. ‘வெறும் தலைச்சுற்றல்தானே’ என்று உன் அப்பா தள்ளிப்போட்டதை அந்த வீட்டில் இருந்து பார்த்தவள் நான்.

டிசம்பர் இறுதியில் திருச்சிக்கு வருகிறேன். ஜூனிப்பர் காய் கொண்டுவருவேன். நம்மூர் உருண்டைக் கோஸில் இறுக்கமான ஒன்றும், உன் மாமியாரின் பெரிய பீங்கான் ஜாடியும் தயாராக இருக்கட்டும். உங்கள் ஊர்ச் சூட்டில் ஐந்து வாரம் தாங்காது, விரைவிலேயே புளித்துவிடும். ஆகவே வந்த அன்றே போட்டுவிடுவோம். உன் பங்கு ஒரு தேக்கரண்டி. அதையும் நான்தான் அளந்து வைப்பேன்.

அன்புடன்,
கமலா