புளியந்தீவுத் தெருக்களில் கமெராவோடு

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். திருகோணமலை உனக்குப் பிடித்துப்போனதும் நல்லது. இங்கே மட்டக்களப்பில் எல்லோரும் சுகம். சின்னவள் வந்தாறுமூலைக் கம்பஸில் கடைசி வருசம். மூத்தவன் வாங்கித் தந்த கமெராவைத் தூக்கிக்கொண்டு ஊர்க் கட்டடங்களைப் படம் எடுத்துத் திரிகிறேன். அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும்.

பழைய கட்டடம் எடுக்கிறவர்கள் பலர் பக்கத்தில் நிற்கும் புதுக் கடை, கரண்ட் வயர், விளம்பரப் பலகை எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. கல்லடிப் பாலத்தைப் பார். 1924இல் ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் திறந்த இரும்புப் பாலமும், 2013இல் திறந்த புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டும் ஒரே படத்தில் வந்தால்தானே, அந்த ஒடுங்கின பாலத்தில் எதிர்ப்பக்க வாகனம் வந்து முடியும்வரை நாம் காத்து நின்ற காலம் விளங்கும்!

நான் அதிகம் நின்று பார்த்தது புளியந்தீவில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டை. பெரிய வீடு. முன்னால் நீள விறாந்தை, தடித்த தூண்கள். ஒழுங்கை ஒடுக்கம். கமெராவை மேலே சாய்த்தால் சுவர் பின்னுக்கு விழுகிற மாதிரி வரும். அதனால் எதிர் மதிலோடு முதுகை ஒட்டி, கமெராவை நேராகப் பிடித்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பல விசயம் கண்ணில் பட்டது. விறாந்தையின் நடுவில் ஒரு குறுக்குச் சுவர். அது பிறகு எழுப்பியது, சீமெந்துக் கல். அந்தச் சுவரின் ஒரு பக்கம் கூரையில் பழைய ஓடு, மறுபக்கம் தகரம். ஓட்டுப் பக்கம் மரயன்னல் அப்படியே இருக்கிறது. தகரப் பக்கத்தில் யன்னல் ஒன்றைக் கதவாக வெட்டியிருக்கிறார்கள். அடைத்த மூலையில் சுண்ணாம்பு உரிந்து நீலம், அதற்குக் கீழே மஞ்சள்.

இனி என் கற்பனை. நம் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. மூத்தவளுக்குக் கலியாணம் ஆனால் தாயும் தகப்பனும் அந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்கு இன்னொன்று கட்டத் தொடங்குவார்கள். இந்த வீட்டுத் தகப்பனால் இரண்டாவது வீடு கட்ட முடியாமல் போயிருக்கும். இருந்ததைப் பாதியாகப் பிரித்தார். ஒரே யன்னலடியில் தலை வாரி வளர்ந்த அக்காவும் தங்கையும் சுவருக்கு இரண்டு பக்கமும் ஆனார்கள். மறுகா 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி வந்தது. கூரை போகாத வீடு அன்றைக்கு எத்தனை? ஓட்டை மறுபடி வாங்கிப் போட ஒருத்திக்கு வசதி இருந்தது, மற்றவளுக்குத் தகரம்தான் கட்டுப்படியானது. நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுவரும் கூரையும் காட்டுகிற அளவுக்குத்தான் நினைத்துப் பார்க்கிறேன்.

கோட்டைக்கும் போனேன். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து வருசத்தில் ஒல்லாந்தர் பிடித்தது. வாசலில் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி முத்திரையை எல்லோரும் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். எனக்கு அங்கே தளபதிகளின் நினைவு வரவில்லை. கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க அலுவலகத்துக்கு, காணிப் பத்திரத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு அந்த வாசலால் நுழைந்த பெண்கள்தான் நினைவில் வந்தார்கள்.

கல்லடிக் கடற்கரைப் பக்கம் வேறு கதை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முந்திய வீடு ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே அநேகமாக எல்லாம் புதுசு. முதலில் கமெராவை எடுக்கவே மனம் வரவில்லை. அப்புறம் ஒரு மொட்டை மாடியைக் கவனித்தேன். கொங்கிறீட் தட்டுக்கு மேலே தூண் கம்பிகள் வெட்டாமல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன, துருப் பிடிக்காமல் நுனியில் சாக்குச் சுற்றியிருக்கிறது. கீழ் வீடு மூத்தவளுக்கு. அந்தக் கம்பி இளையவளுக்கு, மச்சான்! புளியந்தீவுத் தகப்பன் குறுக்குச் சுவரால் செய்ததை இந்தத் தகப்பன் கம்பியால் செய்கிறார். இந்தப் படத்தையும் அந்த வீட்டுப் படத்தையும் சேர்த்துப் பெருப்பித்து எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. உன் அம்மாவின் வீடு, சூறாவளிக்கு முந்தினது, அக்காவின் அல்பத்தில் ஒரு படம் இருந்தது. கலியாணப் பந்தலுக்குப் பின்னால் விறாந்தையும் யன்னலும் தெரியும். அதைப் போனில் எடுத்து அனுப்பு, படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து. இப்ப அந்தக் காணியில் மூன்று மாடிக் கடை நிற்கிறது. அந்தப் பந்தல் எந்த இடத்தில் நின்றது என்று அக்காவிடம் கேட்டு எழுது. அதே இடத்தில் நின்று கடையைப் படம் எடுக்கப் போகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்